குடும்பத் தலைவர் சிங்காரம்

சந்தனராஜ் கோழை என்று யாரும் சொல்லிவிட முடியாது. தூத்துக்குடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவன். அழுத்தக் குழாய் வெடித்துச் சிதறியபோது எல்லோரும் வெளியே ஓட, உள்ளே ஓடி வால்வை மூடியவன். அவனுக்குப் பயம் ஒன்றே ஒன்றில்தான். வீட்டில் இருக்கிற இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அவன் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க" என்று சொல்லிவிடக் கூடாது.

அப்படிச் சொல்ல வைத்தது ‘ஒரு வீடு, ஒரு காற்று’ சட்டம். 2083ஆம் வருஷம். வெளியே வெயில் ஐம்பதைத் தாண்டி நின்றதால் ஊரில் எல்லா வீடுகளையும் காற்றுப் புகாமல் அடைத்திருந்தார்கள். மின்சாரமோ ரேஷன். அறைக்கு ஒரு குளிர், ஆளுக்கு ஒரு குளிர் என்ற சொகுசெல்லாம் இனிக் கிடையாது. வீடு முழுவதற்கும் ஒரே வெப்பம், ஒரே ஈரம். அதைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு வீடு ‘மனைக்காவலர்’ என்ற இயந்திரத்தைச் சுவரில் பதித்துக்கொண்டு வந்தார்கள். காவலர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: குடும்பத் தலைவர் யார்? அவருடைய உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளுமோ அதுதான் வீட்டுக்கு.

காற்று வாரியத்திலிருந்து மரியரத்தினம் என்ற அலுவலர் வந்து சுவரில் பெட்டியை மாட்டிவிட்டு, கையிலிருந்த மின்பலகையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, தலைவர் பேரு ஒண்ணு போடுங்க. எனக்கு இன்னும் ஏழு வீடு கிடக்கு."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் சந்தனராஜின் அக்கா செல்வக்கனி. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தம்பிக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து, அதாவது பதினாலு வருஷமாக, அவனோடுதான் இருக்கிறாள். "மூத்தவ நான் இருக்கேன். என் பேரைப் போடுங்க."

"உங்க பேரைப் போட்டா வீடு முப்பது டிகிரியில நிக்கும் மதினி" என்றாள் பொன்மலர். சந்தனராஜின் மனைவி. தவில் வாசிப்பவள், வீட்டிலிருந்தபடியே ஐந்து நாட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பவள். "தவிலைத் தூக்கிக் கழுத்துல போட்டுட்டு முப்பது டிகிரியில நீங்க ஒரு நாள் வாசிச்சுப் பாருங்க. அப்புறம் பேசுவோம்."

"உன் பேரைப் போட்டா இருபத்தொண்ணுல நிக்கும். நான் வீட்டுக்குள்ள கம்பளியைச் சுத்திக்கிட்டுக் கரடி கணக்கா அலையணும்."

"உங்க பேரையே போட்டா என்ன அண்ணாச்சி?" என்றார் மரியரத்தினம், பிரச்சினையை முடித்துவிட்ட நினைப்பில்.

தன் பேரைப் போடலாம். போட்டால் உனக்கு என்ன வேண்டும் என்று காவலர் கேட்பார். முப்பது என்றால் பொன்மலர் பேச மாட்டாள். இருபத்தொன்று என்றால் அக்கா சாப்பிட மாட்டாள். நடுவில் ஒன்றைச் சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து அவனை வறுத்து எடுப்பார்கள். சந்தனராஜுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம்.

"ஏலே ராசு, நீயே சொல்லு" என்றாள் செல்வக்கனி.

"ஆமா, நீங்களே சொல்லுங்க" என்றாள் பொன்மலர்.

சந்தனராஜ் கூடத்து மூலையைப் பார்த்தான். அங்கே அவனுடைய கண்ணாடித் தொட்டி. அதற்குள் மூன்று துறவி நண்டுகள். பண்ணையில் பொரித்து வளர்த்தவை, காலிச் சங்குக்குள் புகுந்து குடியிருக்கிற இனம். பேருக்குத்தான் துறவி, ஒரு காலிச் சங்கு கிடைத்தால் மூன்றும் நாள் கணக்கில் அடித்துக்கொள்ளும். அதில் பெரியவன் சிங்காரம், அந்த நேரம் பார்த்துச் சிரட்டையின் மேல் ஏறி நின்று, சங்குக்கு வெளியே தலையை நீட்டி மீசையை ஆட்டிக்கொண்டிருந்தான். யாரிடமும் எதையும் கேட்காத முகம். நிம்மதியான முகம்.

"கொடுங்க" என்று பலகையை வாங்கினான் சந்தனராஜ். பெயர்: சிங்காரம். வயது: பதினொன்று. எடை: அறுபது கிராம். ‘எடை சரிதானா?’ என்று பலகை கேட்டது. ஆம். ஆணா பெண்ணா என்ற இடத்தில் ‘மற்றவை’. கைரேகை கேட்டது. தலைவரிடம் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தொட்டிப் பக்கம் போய், சிங்காரத்தின் ஊதா நிற இடது கொடுக்கைப் பலகையில் பதமாக ஒரு அழுத்து அழுத்தினான். பலகை பச்சையாக மின்னியது.

மரியரத்தினம் அதை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "தப்பா இருந்தா அப்புறம் மாத்திக்கலாம் அண்ணாச்சி. தொண்ணூறு நாள் டயம் இருக்கு. தலைவர் சம்மதிச்சுக் கைவச்சாப் போதும். அதுக்கு மேல போச்சுன்னா மூணு வருஷத்துக்குத் தொட முடியாது" என்றபடி செருப்பை மாட்டினார்.

"யாரு பேரு போட்டீய?" என்று பொன்மலர் கேட்டாள்.

"பொதுவா ஒரு பேரு போட்டிருக்கேன்" என்றான்.

அரை மணி நேரத்தில் சுவர் பேசியது. பழைய வானொலிச் செய்தி வாசிப்பவரின் குரல். "வணக்கம். மாண்புமிகு குடும்பத் தலைவர் திரு. சிங்காரம் அவர்களின் இல்லப் பொறுப்பை ஏற்கிறேன். தலைவர் செவுள்களால் சுவாசிப்பதை அறிகிறேன். காற்று காய்ந்தால் அவருக்கு மூச்சு முட்டும். வெப்பம் இருபத்தேழு, ஈரப்பதம் எண்பது என நிர்ணயிக்கப்படுகிறது."

செல்வக்கனி தொட்டியைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் தொட்டியைப் பார்த்தாள்.

"ஏலே, நண்டையா போட்ட?"

"மாத்திருவோம் அக்கா. சிங்காரத்துக் கையை வச்சா ஒரு நிமிஷ வேலை. யாரு பேருக்கு மாத்தணும்னு மட்டும் நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் அளந்தார்கள். வெகு நேரம் அளந்தார்கள்.

"இவ பேருக்கு மாத்துறதுக்கு நண்டே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் செல்வக்கனி.

"நானும் அதையேதான் நினைச்சேன்" என்றாள் பொன்மலர்.

பதினாலு வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. சந்தனராஜுக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெருமை மூன்று நாள் தாங்கியது. காவலர் கடமை தவறாதவர். தலைவரின் இனத்தைப் பற்றி உலகில் உள்ள அத்தனை குறிப்புகளையும் படித்துவிட்டார். நாலாம் நாள் காலையில் ஆளில்லா லாரி ஒன்று வந்து கூடம் முழுக்க மணலைக் கொட்டிச் சமன்செய்துவிட்டுப் போனது.

"எதுக்கு இது?" என்றாள் பொன்மலர், கணுக்கால் புதைய நின்றுகொண்டு.

"தலைவரின் உயரத்தைப்போல மூன்று மடங்கு ஆழத்துக்கு மணல் இருப்பது அவசியம்" என்றார் காவலர். "மணலோடு தென்னைநார்த் தூள் கலந்துள்ளேன். பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும். பிழிந்தால் சொட்டக் கூடாது. தயவுசெய்து பிடித்துப் பாருங்கள்."

சந்தனராஜ் குனிந்து ஒரு பிடி எடுத்துப் பிடித்துப் பார்த்தான். உருண்டை கச்சிதமாக நின்றது. "பதம் நல்லாத்தான் இருக்கு" என்றான். பொன்மலர் பார்த்த பார்வையில் உருண்டை கையிலிருந்து தானாக விழுந்தது.

அதன் பிறகு நாளுக்கு ஒன்று வந்தது. தலைவருக்கு நல்ல தண்ணீர் ஒரு கிண்ணம், கடல் தண்ணீர் ஒரு கிண்ணம் வேண்டுமாம். குளியலறையில் இரண்டு குழாயில் ஒன்று கடல் தண்ணீராக மாறியது. செல்வக்கனி ஷாம்பு போட்டுவிட்டுத் திறந்தது அந்தக் குழாயை. குளோரின் தலைவருக்கு ஆகாது. ஊர்த் தண்ணீர் நின்றுபோய் வேறு தண்ணீர் வந்தது. அது குடிக்க நன்றாகவே இருந்ததை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பூச்சடித்த சங்கு நண்டுகளுக்கு விஷம் என்று படித்த காவலர், பொன்மலர் நகப்பூச்சுப் பாட்டிலைத் திறந்தபோதெல்லாம் மணி அடித்தார். தலைவர் வளர்ந்தால் குடிபெயர வீடு வேண்டும் என்று வட்ட வாய்ச் சங்குகளாக நாற்பது வரவழைத்து, சோபாவில் அளவு வாரியாக அடுக்க வைத்தார். மனிதர்கள் மணலில் உட்கார்ந்தார்கள்.

பொறுத்துக்கொள்ள முடியாதது இரண்டு. ஒன்று தாளிப்பு.

"மிளகாய் வற்றல் புகை தலைவரின் செவுள்களை அரிக்கும்" என்று சொல்லி, எண்ணெய் காயும்போதே அடுப்பை அணைத்துவிட்டார் காவலர். மீன்குழம்பைத் தாளிக்காமல் இறக்குவதாவது! செல்வக்கனி அன்றைக்குத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். ரயில்வேயில் முப்பது வருஷம் கோபக்காரப் பயணிகளைச் சமாளித்தவளுக்கு, ஒரு நண்டுக்காகப் பத்தியச் சாப்பாடு சாப்பிட வேண்டி வந்ததில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

இன்னொன்று தவில். எண்பது சதவீத ஈரத்தில் தோல் ஊறித் தொங்கிப்போனது. பொன்மலர் வாரை இழுத்துக் கட்டிக் கட்டி விரல் புண்ணாகியும் ‘தொம்’ என்று வர வேண்டியது ‘தொப்’ என்றுதான் வந்தது. டொரொன்டோவில் இருந்த மாணவன் ஒருவன், "டீச்சர், தலையணையிலயா வாசிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டான். அன்றைக்கு அவள் வகுப்பைப் பாதியில் முடித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சந்தனராஜ் வெளியே நின்று இரண்டு முறை தட்டினான். பிறகு திரும்பி வந்தான்.

மறுநாளே இரண்டு பெண்களும் எதிர்வீட்டு அடுப்பங்கரைக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சேர்ந்து போகத் தொடங்கினார்கள். அங்கே போய்த் தாளித்து, மூடி எடுத்து வருவார்கள். போனவர்கள் வர ஒரு மணி நேரம் ஆகும். வரும்போது சிரித்துக்கொண்டு வருவார்கள். உள்ளே நுழைந்ததும் சிரிப்பு நின்றுவிடும். அவர்கள் சண்டை போட்ட நாட்களே தேவலை என்று சந்தனராஜுக்குத் தோன்றியது.

முப்பத்தெட்டாம் நாள் செல்வக்கனி வந்து முன்னால் நின்றாள். "நாங்க பேசி முடிச்சுட்டோம். பேரு என் பேரு. டிகிரி இருபத்தஞ்சு. எனக்கும் பாதி, அவளுக்கும் பாதி. கூப்பிடு உன் தலைவரை, கையை வைக்கச் சொல்லு."

சந்தனராஜுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது. தொட்டிக்கு ஓடினான். மற்ற இரண்டு நண்டுகளில் குட்டையன் இருந்தான். அம்மிணி இருந்தாள். சிங்காரத்தைக் காணோம். சிரட்டைக்குப் பக்கத்தில் மணல் குழிந்து, புதிதாக மூடிக் கிடந்தது. நாலு நாளாகவே சிங்காரம் சாப்பிடாமல் உப்புத் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"உள்ள போயிட்டான்" என்றான்.

"உள்ளன்னா?"

"தோலு உரிக்கப் போயிருக்கான் அக்கா. மண்ணுக்குள்ள கிடந்து மேல்தோல் முழுக்கக் கழத்திப் போடுவான். அப்ப அவன் உடம்பு வெண்ணெய் கணக்கா இருக்கும். கழத்தினதை அவனே தின்னுட்டு, புதுசு கெட்டியாகுற வரைக்கும் அப்படியே கிடப்பான். நிறைய பேரு செத்துட்டுன்னு நினைச்சுத் தோண்டிருவாங்க. தோண்டுனாத்தான் சாவும்."

"எத்தனை நாளு ஆவும்?"

"இவன் சைசுக்கு ரெண்டு மாசம்."

பொன்மலர் விரல் விட்டு எண்ணினாள். முப்பத்தெட்டும் அறுபதும் தொண்ணூற்றெட்டு. கெடு தொண்ணூறு. எண்ணி முடித்ததும் அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

காவலர் தம் பங்குக்கு அறிவித்தார்: "தலைவர் தோலுரிப்பில் உள்ளார். அதிர்வு அவருக்கு ஆபத்து. தவில், மிக்ஸி, கதவைச் சாத்துதல் ஆகியவை நிறுத்திவைக்கப்படுகின்றன." அதன் பிறகு வீட்டில் எல்லோரும் பூனைபோல நடந்தார்கள். சண்டைகூடக் குசுகுசுவென்றுதான் நடந்தது.

குசுகுசுவென்றுதான் பொன்மலரும் சொன்னாள். "இங்க பாருங்க. தொண்ணூறாம் நாளு ஞாயித்துக்கிழமை அந்த ஆபீசர் வருவாரு. அன்னைக்குப் பேரு மாறணும். மாறலைன்னா நான் கயத்தாறுக்கு என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன். மூணு வருஷம் தவிலைத் தொடாம என்னால இருக்க முடியாது. என் கை மறந்துரும்."

"நானும் திருச்செந்தூருக்குச் சிநேகிதி வீட்டுக்குப் போறேன்" என்றாள் செல்வக்கனி. "நீயும் உன் தலைவரும் மண்ணை உருட்டிப் பிடிச்சு விளையாடிக்கிட்டு இருங்க."

சும்மா மிரட்டுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தான். எண்பத்தெட்டாம் நாள் இரண்டு பெட்டிகள் வாசலில் வந்து உட்கார்ந்தன. தவிலுக்கு உறை மாட்டியாகிவிட்டது. அன்றைக்கு ஆலையில் ஒரு குழாயின் அளவை நாலு தடவை தப்பாக எழுதினான். போய்விடுவார்கள். நிஜமாகவே போய்விடுவார்கள். அக்காவின் அதட்டலும் பொன்மலரின் தவிலும் இல்லாத வீட்டை நினைத்தபோது சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தபடியே மூடி வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மரியரத்தினம் வந்தார். உள்ளே ஒரு காலை வைத்தார். செருப்புக்குள் மணல் போனது. அதைத் தட்டிக்கொண்டே, "திருத்தம் இருக்காமே. தலைவர் எங்க?" என்றார்.

"மண்ணுக்குள்ள" என்றாள் செல்வக்கனி.

மரியரத்தினம் சட்டென்று தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். "அடடா. எப்ப?"

"அம்பத்திரண்டு நாளாச்சு."

"எனக்குத் தகவலே வரலையே அம்மா. நல்ல மனுஷனா இருந்திருப்பாரு."

பொன்மலர் அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பித் தொட்டியைக் காட்டினாள். விஷயம் விளங்க அவருக்கு இரண்டு நிமிஷம் ஆனது. விளங்கியதும் சோபாவில் உட்காரப் போய், சங்குகளைப் பார்த்துவிட்டு மணலிலேயே உட்கார்ந்தார்.

"நண்டுன்னு போடலையே அண்ணாச்சி."

"‘மற்றவை’ன்னு போட்டேன்."

"இது வெளிய தெரிஞ்சா என் வேலை போயிரும்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு பலகையைப் புரட்டினார். "விதி ரெண்டுதான் அண்ணாச்சி. ஒண்ணு, தலைவர் கை வைக்கணும். இல்ல, தலைவர் இறந்துபோயி, மத்தவங்க எல்லாரும் ஒரு பேரைச் சொல்லணும். இன்னைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள."

"அப்ப ரெண்டுல எதுனாலும் தோண்டித்தான் ஆவணும்" என்று செல்வக்கனி அடுப்பங்கரைக்குப் போய்த் தோசைக்கரண்டியோடு வந்தாள். "உயிரோட வந்தா கையை வைக்கட்டும். இல்லாட்டி இரண்டாவது விதி."

"பாவமாத்தான் இருக்கு" என்றாள் பொன்மலர். அவள் கையில் ஒரு கிண்ணம் இருந்தது. "ஆனா மூணு வருஷம். நீங்க நகருங்க."

சந்தனராஜ் தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தான். நகர வேண்டும் என்றுதான் அவனும் நினைத்தான். அக்கா சொல்கிறாள், மனைவி சொல்கிறாள், இரண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள். அவன் பதினாலு வருஷமாக வேண்டிக்கொண்டது இதைத்தான். ஒரு அடி நகர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும். கால் நகரவில்லை.

"தோண்டக் கூடாது" என்றான்.

அவன் பேசியதே அவர்களுக்குக் கேட்கவில்லை. செல்வக்கனி மூடியைத் தூக்கக் கையை நீட்டினாள். சந்தனராஜ் அந்தக் கையைப் பிடித்தான்.

"அக்கா, கரண்டி உள்ள போவாது. அவன் அங்க மேல்தோலு இல்லாமக் கிடக்கான். விரல் பட்டாலே கிழிஞ்சுரும். அவனா வந்து என்னைத் தலைவன் ஆக்குன்னு கேட்டான்? உங்க ரெண்டு பேருக்கும் பயந்துக்கிட்டு நான் பண்ணுன வேலை இது. அதுக்கு அவன் எதுக்குச் சாவணும்?" பிடித்த கையை அவன் விடவில்லை. "போறதா இருந்தாப் போங்க. நீங்க போனா நான் அழுவேன். தினமும் அழுவேன். ஆனா தோண்ட விட மாட்டேன்."

பொன்மலரின் கையில் கிண்ணம் அப்படியே நின்றது. அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

அந்த நேரம் சுவர் பேசியது. "பதிவு செய்யப்பட்டது. தலைவர் தம் விருப்பத்தைத் தெரிவிக்க இயலாத நிலையில், அவருடைய உயிரைக் காக்கும் முடிவை எடுத்த உறுப்பினர் தலைமையை ஏற்கிறார். விதி பதினேழு."

"அட, ஆமா" என்று மரியரத்தினம் துள்ளி எழுந்தார். "அது ஆஸ்பத்திரி விதி அண்ணாச்சி. வீட்டுப் பெரியவரு நினைவில்லாமக் கிடக்கும்போது ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுறவங்களுக்காக வச்சது. நண்டுக்கு ஆகாதுன்னு எங்கயும் எழுதல. இனிமே நீங்கதான் தலைவர். நான் இன்னைக்கே முடிச்சு விட்டுருதேன்." வேலை தப்பித்த சந்தோஷத்தில் அவர் சந்தனராஜின் கட்டைவிரலைத் தாமே பிடித்துப் பலகையில் வைத்தார்.

"வாழ்த்துகள், தலைவர் அவர்களே" என்றார் காவலர். "தங்களுக்கு எந்த அளவில் காற்று வேண்டும்?"

செல்வக்கனி கரண்டியைத் தாழ்த்தினாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நண்டும் பிழைச்சுது, நாமளும் பிழைச்சோம். இருபத்தஞ்சுன்னு சொல்லு ராசு."

"சொல்லுங்க" என்றாள் பொன்மலர்.

சந்தனராஜ் வாயைத் திறந்தான். இருபத்தஞ்சு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் இன்னொரு யோசனை வந்து குறுக்கே நின்றது. கேட்டது தனக்கு என்ன வேண்டும் என்றல்லவா? அதை அவன் நிஜமாகவே யோசித்துப் பார்த்தான். யோசிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது, ஏனென்றால் அவன் அந்தப் பக்கமே போய்ப் பழக்கமில்லை.

"இருபத்தேழு" என்றான். "ஈரம் எண்பது."

செல்வக்கனி வாசலில் இருந்த தன் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். "இன்னுமாலே நண்டுக்குப் பார்க்க?"

"நண்டுக்கு இந்த வீட்டுக் காத்தே வேண்டாம் அக்கா. தொட்டிக்குக் கண்ணாடி மூடி இருக்கு, நாளுக்கு ரெண்டு தடவை தண்ணி தெளிச்சா உள்ள ஈரம் தானா நிக்கும். இது எனக்கு." சொல்லச் சொல்ல அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. "குளிருல எனக்கு மூக்கு அடைச்சுக்கும். காஞ்ச காத்துல தொண்டை எரியும். ராத்திரி வாயைத் திறந்துக்கிட்டுத்தான் கிடப்பேன். இந்த மூணு மாசம்தான் நான் நல்லாத் தூங்குனேன். மணல் மேல நடந்தா காலுக்குச் சுகமா இருக்கு. எனக்கு இந்தக் காத்து பிடிச்சிருக்கு."

குட்டையன் தொட்டிக்குள் கண்ணாடியைச் சுரண்டினான்.

பொன்மலர் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு அழுகையும் வந்தது. "பதினாலு வருஷம்" என்றாள். "பதினாலு வருஷமா மூக்கை அடைச்சுக்கிட்டுப் பக்கத்துலயே படுத்திருந்திருக்கீய. ஒரு நாளு சொன்னீயளா? உங்களுக்கு எதுனாலும் சரின்னு நினைச்சுத்தானே நாங்க ரெண்டு பேரும் இந்த வீட்டைப் பாதிப் பாதியாப் பிச்சுக்கிட்டோம். மூணாவது ஆளு ஒருத்தரு இருக்காருன்னு தெரிஞ்சிருந்தா மூணாப் பிரிச்சிருக்க மாட்டமா?"

"நீங்க கேக்கலை" என்றான் சந்தனராஜ்.

"நாங்க தினமும் கேட்டோம். ‘நீங்களே சொல்லுங்க’, ‘நீங்களே சொல்லுங்க’ன்னு தினமும் கேட்டோம்."

அது உண்மை. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பொன்மலர் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு சம்மணம் போட்டு மணலில் உட்கார்ந்தாள். "சரி. இருபத்தேழு இருக்கட்டும். ஈரம் எண்பது முடியாது. அறுபது. அறுபதுல தோல் நிக்கும்."

"அறுபதுல எனக்குத் தொண்டை காயும்" என்றான் சந்தனராஜ். சொன்ன பிறகுதான் தான் எதிர்த்துப் பேசியது அவனுக்கே தெரிந்தது. கொஞ்சம் பயந்து, பிறகு அவனும் எதிரே உட்கார்ந்தான். "எழுபத்தஞ்சு."

"தவிலுக்குத் தோலை எடுத்துட்டுச் செயற்கை இழையை மாட்டச் சொல்லுதியளா?"

"எழுபத்திரண்டு."

"தாளிப்பு என்னாச்சு?" என்று பெட்டி மேலிருந்து இறங்கி வந்தாள் செல்வக்கனி. கரண்டி இன்னும் கையில்தான் இருந்தது. "அதைச் சொல்லாம ஒரு நம்பரையும் நான் ஒத்துக்க மாட்டேன்."

"தாளிப்பு உண்டு அக்கா. தொட்டியை உள்ரூமுக்குக் கொண்டு போயிருவோம், அவன் வெளிய வந்த பொறவு."

"இருபத்தஞ்சுக்கு ஒத்துக்கிட்டவதான், ஆனாலும் இருபத்தேழும் எனக்குக் குளிருதான் ராசு."

"சாக்ஸ் போடுங்க மதினி. நான் வேர்வையைத் தாங்கலையா?" என்றாள் பொன்மலர். "ஏங்க, அறுபத்தஞ்சுக்கு வாங்க."

"எழுபதுக்குக் கீழ வர மாட்டேன்" என்றான் சந்தனராஜ். பக்கத்திலிருந்த மணலில் ஒரு பிடி எடுத்து உருண்டை பிடித்தான்.

"நேரம் பதினொன்று ஐம்பது. தலைவர் அவர்களே, இறுதி அளவைத் தெரிவிக்கவும்" என்றார் காவலர்.

"கொஞ்சம் சும்மா இரும்வே" என்றான் சந்தனராஜ், தலையைத் திருப்பாமல். "வீட்டுல பேசிக்கிட்டு இருக்கோம்லா."